கிரியாட்டினின் நார்மல்தான், மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்) சிறுநீரகத்தையும் தாக்கிவிட்டது என்று இரண்டு வருடங்களுக்கு முன் தெரிந்தது. பயாப்சியில் நான்காம் வகை என்றார்கள். அப்போது சிறுநீரில் ஒரு நாளைக்கு 3.5 கிராம் புரதம் போய்க்கொண்டிருந்தது. முதல் வருடம் முடிவதற்குள் 0.4 கிராமாகக் குறைந்து, இன்றும் அப்படியே இருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 0.8. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. மாத்திரைகளை நிறுத்தலாமா? பிற்காலத்தில் டயாலிசிஸ் வரை போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. குழந்தை பெற்றுக்கொள்ளவும் ஆசை.

பதில்: பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான்காம் வகை கடுமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் வருங்காலத்தைக் கணிக்க நான் பெரிதும் நம்புவது, சிகிச்சை தொடங்கி ஒரு வருடத்தில் புரதம் எவ்வளவு குறைந்தது என்பதைத்தான். 0.7 அல்லது 0.8 கிராமுக்குக் கீழே வந்தவர்களில் பெரும்பாலோரின் சிறுநீரகம் பல வருடங்கள் நன்றாகவே வேலை செய்கிறது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்.

கிரியாட்டினினை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். என்னிடம் வருகிறவர்கள் ஃபைலைத் திறந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். நான் சிறுநீர் ரிப்போர்ட்டைத் தேடுவேன். சிறுநீரகம் கிட்டத்தட்ட பாதி வலுவை இழந்த பிறகுதான் பலருக்குக் கிரியாட்டினின் ஏறும். புரதமும் ரத்த அணுக்களும் அதற்கு வெகு முன்பே சிறுநீரில் தெரிந்துவிடும். சிறுநீரில் நுரை அதிகமாகி அடங்காமல் நின்றாலோ, கால் வீங்கினாலோ, அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

மாத்திரையை இப்போது நிறுத்த வேண்டாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை மொத்தத்தில் குறைந்தது மூன்று வருடங்களாவது கொடுக்கிறோம். நோய் அடங்கியிருக்கும்போது அவசரப்பட்டு விட்டால் திரும்பக் கிளம்பும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சிறுநீரகத்தில் கொஞ்சம் தழும்பு சேரும். அந்தத் தழும்பைக் கரைக்க மருந்து இல்லை. நன்றாக இருக்கும்போது மருந்து சாப்பிடுவது எத்தனை சலிப்பு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஸ்டீராய்டை மட்டும் ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே கொண்டுவர முடியுமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை நீண்ட காலம் தொடர வேண்டியது. அது சிலருக்குக் கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். அப்புறம், மூட்டு வலிக்கென்று கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

குழந்தை ஆசை நியாயமானது, நடக்கக்கூடியதும்கூட. நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளில் நீங்கள் மைக்கோபினோலேட் சாப்பிடுகிறவர் என்றால், அது கருவுக்கு ஆகாது. கருத்தரிக்க முயல்வதற்கு ஆறு வாரம் முன்பே அதை நிறுத்தி, கர்ப்பத்தில் தரக்கூடிய அசாதயோபிரினுக்கு மாற்றுவார்கள். புரதத்தைக் குறைக்கத் தரும் சில பிரஷர் மாத்திரைகளும் கர்ப்பத்தில் கூடாது. அதனால் கர்ப்பமான பிறகு போய்ச் சொல்லாமல், திட்டமிடும்போதே சிறுநீரக டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் பார்த்துவிடுங்கள். அதுவரை கருத்தடையை விட வேண்டாம். எந்த முறை உங்களுக்குப் பொருந்தும் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். லூபஸில் சிலருக்கு ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எல்லோருக்கும் ஒத்துவராது.