இடது கை எழுத்து

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். பொங்கல் லீவில் டி.வி. முன்னால் கிடக்கக் கூடாது என்று, ராத்திரி கண்விழித்து வீட்டுக் கம்ப்யூட்டரில் 24 ஒர்க்ஷீட் தயாரித்தேன். கரும்பை எண்ணுவது, பானைக்கு வண்ணம் தீட்டுவது, 'பொங்கல்', 'சூரியன்' என்று புள்ளிக்கோட்டின் மேல் எழுதுவது, கோலப்புள்ளி இணைப்பது எல்லாம் உண்டு. ஐந்து தாளோடு எழுந்துவிட்டாள். மீதியை நானே இடது கையால் நிரப்பி, ஃபைல் போட்டு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படம் அனுப்பினேன். ஓரகத்தியின் பிள்ளைகள் இதைவிட நிறையச் செய்கிறார்கள். மாமியார் கூடவே இருக்கிறார். கம்ப்யூட்டர் தெரியாததால் அவரால் உதவியில்லை. இவளை உட்கார வைப்பது எப்படி?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: உட்கார வைக்கும் கதையைப் பிறகு பார்க்கலாம். "இடது கையால் நிரப்பி" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கே வாருங்கள்.

எதற்கம்மா இடது கை? வலது கையால் எழுதினால் எழுத்து மணி மணியாக இருக்கும், ஓரகத்தி கண்டுபிடித்துவிடுவார். அதனால் கோணல் வேண்டும், கோட்டைத் தாண்ட வேண்டும், பிஞ்சுக் கை மாதிரி நடுங்க வேண்டும். 19 தாளுக்கு உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறீர்கள். பிள்ளைக்கு இல்லாத பொறுமை உங்களுக்கு நிறையவே இருக்கிறது.

கரும்பை எண்ணச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே? தான் செய்தது ஐந்து, ஃபைலில் இருப்பது அதைவிட எக்கச்சக்கம் என்று அவளுக்குத் தெரியாதா? பெரியம்மா போனில் கூப்பிட்டு, "அத்தனையும் நீயே பண்ணினியா, சமத்து!" என்று கொஞ்சும்போது அவள் உங்கள் முகத்தைப் பார்த்திருப்பாள். நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள். அந்த லீவில் அவள் ஒழுங்காகக் கற்ற பாடம் அது ஒன்றுதான். எட்டாம் வகுப்பில் மார்க் குறைந்து, ரேங்க் கார்டில் உங்கள் கையெழுத்தை அவளே போட்டுக்கொண்டு போனால், அன்றைக்கு யாரை அடிப்பீர்கள்?

ஓரகத்தி பிள்ளைகள் இவளுக்கு அண்ணன், அக்கா முறை. நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் முதலில் வந்து நிற்க வேண்டியவர்கள். அவர்களை இப்போதே தராசின் அடுத்த தட்டில் ஏற்றிவிட்டீர்கள். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதத்துக்கு நாலு வருகிறது. பாட்டு கிளாஸ், அபாகஸ், ஸ்கேட்டிங் என்று பெயர்தான் மாறும். படிப்பிக்கிறேன் என்று கிளம்பி, கடைசியில் நிற்கிற இடம் குரூப்.

மாமியாரால் உதவியில்லையாமே. நீங்கள் ராத்திரி கண்விழித்துக் கோலப்புள்ளியை பிரிண்ட் எடுத்துவிட்டுத் தூங்க, விடிகாலையில் வாசலில் நிஜப் புள்ளி வைத்தது யார்? 7 புள்ளி, 4ல் நிறுத்தம் என்று ஊடுபுள்ளி (மேல் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி) வைத்தால் நடுவில் 7, இரண்டு பக்கமும் 6, 5, 4. மொத்தம் 37. அதே 7ஐ நேர்ப்புள்ளியாக, புள்ளிக்கு நேராகப் புள்ளி வைத்து, 5, 3, 1 என்று இறக்கினால் 25தான் வரும். ஏன் குறைந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால் அதுதான் கணக்கு. கையில் கோலமாவு ஒட்ட ஒட்டக் கேட்கும், எழுந்தும் ஓடாது. மவுஸ் பிடிக்கத் தெரியாதவர் என்று நீங்கள் ஒதுக்கியவரிடம் அந்த ஒர்க்ஷீட் முழுதாக இருக்கிறது.

தாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'பொங்கல்' என்ற சொல்லைப் பாருங்கள். கொம்பு போட்டு, ப எழுதி, கால் போட்டால்தான் முதல் எழுத்தே முடிகிறது. அடுத்து நிற்பது ங். பெரியவர்களுக்குப் பண்டிகை, குழந்தைக்கு மலையேற்றம். ட, ப, ம, ய என்று எளிய எழுத்தில் ஆரம்பித்து, 'பட்டம்', 'பால்' என்று போங்கள். பாலும் பொங்குகிறதுதானே! புள்ளிக்கோட்டு எழுத்துக்காக மல்லுக்கட்ட வேண்டாம். வேர்டில் எழுத்தளவை 72க்கு மேல் வைத்து, நிறத்தை வெளிர் சாம்பலாக்கி பிரிண்ட் எடுங்கள், அதன் மேலேயே எழுதலாம். பானையை வெறும் கோட்டுப் படமாக விடுங்கள், இங்க்கும் மிஞ்சும். போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல்: நாலு நாள், நாலே தாள். 1, 2ஆம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று 2018ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. இவள் இன்னும் ஒன்றாம் வகுப்புக்கே போகவில்லை.

அப்புறம், ஐந்து தாள் போட்டாள் என்றீர்களே. அது ஐந்து வயசுக்குத் தாராளம்.

இன்று சாயங்காலம் அவளை மடியில் வைத்துக்கொண்டு, அதே குரூப்பில், "ஐந்துதான் பாப்பா போட்டது, மீதி நான்" என்று எழுதுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எழுதுவதை அவள் பார்க்க வேண்டும். ஃபைலில் இருந்து அந்த 19 தாளையும் உருவுங்கள். கிழிக்க வேண்டாம், பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கும்? ஒரு பென்சிலோடு மாமியாரிடம் கொடுங்கள், புள்ளி வைத்துத் தருவார்.