புடாபெஸ்ட்ல 5 நாள் ஹாஸ்டல்ல தங்க எப்படி பிளான் பண்றது? தனியா போற பொண்ணு, வெஜிடேரியன், பட்ஜெட் கம்மி

நான் ரெண்டு தடவை புடாபெஸ்ட் போயிருக்கேன், ரெண்டு தடவையும் தனியா, ரெண்டு தடவையும் ஹாஸ்டல்தான். முதல் தடவை ஆகஸ்ட்ல நாலு நைட், அடுத்தது நவம்பர்ல அஞ்சு நைட். பொண்ணு தனியா தங்க சேஃபா, சைவ சாப்பாட்டுக்கு என்ன வழி, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்னு நீங்க கேட்டிருக்கற மூணும் நான் கிளம்பறதுக்கு முன்னாடி ராத்திரி ராத்திரியா உக்காந்து தேடினது. அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

எடுத்த எடுப்புலயே ஒண்ணு சொல்லிடறேன். புக்கிங் ஆப்ல விலை கம்மியில இருந்து வரிசையா போட்டு, மேல வர்றதை புக் பண்ணிடாதீங்க. முதல் தடவை நான் பண்ணது அதுதான். 12 பேர் தங்கற ரூம், இருக்கறதுலயே கம்மி விலை, ஊருக்கு நட்ட நடுவுல. இடம் ஏழாவது டிஸ்ட்ரிக்ட், காஸின்சி தெருவுக்குப் பக்கத்து சந்து. அது பழைய யூதர் குடியிருப்புப் பகுதி, 1859ல திறந்த டோஹானி தெரு சினகாக் (யூதர்களோட வழிபாட்டு இடம்) அங்கதான் இருக்கு, ஐரோப்பாவுலயே பெரிய சினகாக் அது. பாழடைஞ்சு கிடந்த பழைய கட்டடங்களோட முற்றத்துல 2000க்கு அப்புறம் ஒவ்வொண்ணா பார் திறந்தாங்க, ரூயின் பார்னு சொல்லுவாங்க, இன்னிக்கு உலகம் பூரா இருந்து அதுக்காகவே ஆளுங்க வர்றாங்க. பகல்ல அந்தத் தெருங்க அவ்வளவு அழகு, சுவத்துல பெரிய பெரிய ஓவியம், பேக்கரி வாசனை, நடந்துக்கிட்டே இருக்கலாம். ராத்திரி கதை வேற.

அந்த ஊர்ப் பழைய வீடுங்க எப்படி கட்டியிருப்பாங்கன்னா நடுவுல முற்றம், சுத்தி நாலு பக்கமும் மாடி, ஒவ்வொரு மாடியிலயும் முற்றத்தைப் பாத்த மாதிரி வராண்டா, அதுல வரிசையா கதவு. கீழ ரெண்டு பேர் நின்னு சாதாரணமா பேசினாலே நாலாவது மாடியில காதுக்குள்ள பேசற மாதிரி கேக்கும். எங்க ரூம் ஜன்னல் முற்றத்துப் பக்கம். போதாக்குறைக்கு ஹாஸ்டலே தினமும் ராத்திரி எல்லாரையும் கூட்டிக்கிட்டு பார் பாரா போவாங்க, மூணு மணிக்கு திரும்பி வந்து லைட்டைப் போடுவாங்க. நாலு நைட்டும் பொட்டு தூக்கம் இல்ல. மூணாவது நாள் காலைல பார்லிமென்ட் உள்ள பாக்கறதுக்கு முன்னாடியே டிக்கெட் வாங்கி வச்சிருந்தேன், விடிய விடிய முழிச்சிருந்து அஞ்சு மணிக்கு மேல கண்ணசந்து அந்த டிக்கெட்டை கோட்டை விட்டுட்டேன். யூரோப்பியன் யூனியன் ஆளுங்களை விட நம்மளுக்கு அந்த டிக்கெட் விலை ரொம்ப ஜாஸ்தி. பெட்ல மிச்சம் பிடிச்சது எல்லாம் அதுலயே போச்சு.

அதனால முதல்ல தெருவைப் பாருங்க. ஒரு சுலபமான வழி இருக்கு. புடாபெஸ்ட் பின்கோடு நாலு நம்பர், முதல் நம்பர் 1, நடுவுல வர்ற ரெண்டு நம்பர்தான் டிஸ்ட்ரிக்ட். 1075னா ஏழாவது டிஸ்ட்ரிக்ட், 1092னா ஒம்பதாவது. பேர் எவ்வளவு அமைதியா வச்சிருந்தாலும் அட்ரஸ்ல 107ன்னு ஆரம்பிச்சா காஸின்சி, கிராய், டோப், அகாட்ஸ்ஃபா இந்தத் தெருங்கள்ல இருந்து எவ்வளவு தூரம்னு மேப்ல பாத்துடுங்க. அப்புறம் ரிவியூல "பார்ட்டி", "அட்மாஸ்ஃபியர் சூப்பர்", "ஸ்டாஃப் கூட சேர்ந்து குடிச்சோம்"னு வர்றதை எல்லாம் உங்க தேவையை வச்சுப் படிங்க, அவங்களுக்கு அது பாராட்டு, நமக்கு அது எச்சரிக்கை.

ரெண்டாவது தடவை நான் ஒம்பதாவது டிஸ்ட்ரிக்ட்ல கால்வின் டேர் பக்கமா எடுத்தேன் (டேர்னா சதுக்கம்). உங்களுக்கும் அதையேதான் சொல்லுவேன். மூணாவது, நாலாவது மெட்ரோ லைன் ரெண்டும் அங்க வருது, ஏர்போர்ட்ல இருந்து வர்ற 100இ பஸ்ஸும் அங்க நிக்குது, பெட்டியை இழுத்துக்கிட்டு லைன் மாற வேண்டாம். அந்த பஸ்ஸுக்கு மட்டும் தனி டிக்கெட், சாதாரண டிக்கெட்டும் மூணு நாள் பாஸும் செல்லாது. இன்னும் கம்மியா வரணும்னா 200இ பஸ் பிடிச்சு கோபான்யா கிஷ்பெஷ்ட் வரைக்கும் வந்து மெட்ரோ மாறலாம், அதுக்கு சாதாரண டிக்கெட் போதும். பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறும்போது மறக்காம மெஷின்ல குத்திடுங்க, கையில டிக்கெட் இருந்தும் குத்தலைன்னா ஃபைன்தான், மெட்ரோ வாசல்லயே செக்கர் நிப்பாங்க. கெலெட்டி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் எட்டாவது டிஸ்ட்ரிக்ட்ல விலை இன்னும் இறங்கும், ஆனா தனியா ராத்திரி நடந்து வர்றதுக்கு எனக்கு அந்தப் பக்கம் மனசு ஒப்பல. நாட்யகொருட்னு ஒரு பெரிய வளைவு ரோடு ஊரை அரை வட்டமா சுத்துது, அதுல போற 6ஆம் நம்பர் டிராம் ராத்திரி முழுக்க ஓடும், அந்த ரோட்டுல இருந்து அஞ்சு நிமிஷ நடையில ரூம் எடுத்தா லேட்டானாலும் டாக்ஸி தேட வேண்டியதில்ல.

அடுத்தது கிச்சன். உங்க பட்ஜெட்டைத் தீர்மானிக்கப் போறது இதுதான், அதுலயும் நீங்க வெஜிடேரியன். லிஸ்டிங்ல "கிச்சன் உண்டு"ன்னு போட்டிருப்பாங்க, போய் பாத்தா ஒரு மைக்ரோவேவும் கெட்டிலும் மட்டும் இருக்கும். போட்டோல அடுப்பு தெரியுதா, பாத்திரம் தெரியுதா, ஃப்ரிட்ஜ் எவ்வளவு பெருசுன்னு பெருசு பண்ணிப் பாருங்க. தெரியலைன்னா ஒரு மெசேஜ் போட்டு கேளுங்க, அடுப்பு இருக்கா, எத்தனை மணிக்கு பூட்டுவீங்கன்னு. நிறைய இடத்துல ராத்திரி பத்து பதினொண்ணுக்கு கிச்சனை மூடிடுவாங்க.

கால்வின் டேர் பக்கம் எடுத்த இடத்துல கிச்சன்ல நாலு அடுப்பு இண்டக்‌ஷன், பெரிய ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு மார்க்கரும் ஸ்டிக்கர் கட்டும் தொங்கும், நம்ம பேரும் கிளம்பற தேதியும் எழுதி ஒட்டித்தான் உள்ள வைக்கணும், ஒட்டாததை காலைல கிளீன் பண்றவங்க எடுத்துப் போட்டுடுவாங்க. அது பக்கத்துலயே ஒரு அலமாரித் தட்டு, யார் வேணா எடுத்துக்கலாம்னு எழுதியிருக்கும், ஊருக்குக் கிளம்பினவங்க விட்டுட்டுப் போன உப்பு, பாஸ்தா, பாதி பாட்டில் எண்ணெய், டீ பாக்கெட் எல்லாம் இருக்கும். முதல் நாளே கடைக்கு ஓடாதீங்க, அந்தத் தட்டைப் பாத்துட்டு போங்க, எண்ணெய் உப்பு வாங்கற செலவே எனக்கு வரல. நான் ஊர்ல இருந்து எடுத்துட்டுப் போனது ரசப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவ்வளவுதான். அரிசி அங்கயே வாங்கிக்கலாம், ரிஸ்னு போட்டிருக்கும், லென்செனா மசூர் மாதிரி பருப்பு வகை. ஏர்போர்ட்ல பிரச்சனை வராம இருக்கணும்னா நெய், பால்கோவா, பால் பவுடர் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, யூரோப்பியன் யூனியனுக்குள்ள வெளியில இருந்து பால் பொருள், இறைச்சி ரெண்டும் கொண்டு போகக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம்.

தயிர் வாங்கும்போது ஒரு கவனம். தெய்ஃபொல்னு வெள்ளையா டப்பாவுல அடுக்கி வச்சிருப்பாங்க, பாக்க அச்சு அசல் கெட்டித் தயிர், ஆனா அது புளிச்ச க்ரீம், சாதத்துல போட்டு பிசைஞ்சா நெஞ்சை அடைக்கும். தயிர் சாதத்துக்கு நீங்க எடுக்க வேண்டியது நாத்தூர் யோகுர்ட்னு எழுதின டப்பா. கெஃபிர்னு ஒண்ணு இருக்கு, அது நம்ம கெட்டி மோர் பக்கத்துல வரும், வெயில்ல சுத்திட்டு வந்து உப்பு போட்டு குடிச்சா அவ்வளவு இதமா இருக்கும்.

வெளிய சாப்பிடணும்னா ஃபொசெலேக் கேளுங்க. அது நம்ம கூட்டுக்கு ஒண்ணு விட்ட சொந்தம் மாதிரி. பூசணி, பட்டாணி, கீரை, உருளைக்கிழங்கு, பருப்புன்னு ஏதாவது ஒண்ணை வேகவச்சு கெட்டியா குழம்பாக்கித் தருவாங்க. கறியோ முட்டையோ மேல தனியா வைக்கறதுதான், வேண்டாம்னா வைக்க மாட்டாங்க, "ஹூஷ் நேல்குல்"னு சொல்லுங்க, இறைச்சி இல்லாமன்னு அர்த்தம். வார நாள்ல மத்தியானம் நிறைய கடையில நப்பி மெனூன்னு கம்மி விலை சாப்பாடு போடுவாங்க, அதே கடையில ராத்திரி போனா விலை வேற. லாங்கோஷ்னு பூரி மாதிரி பெருசா பொரிச்சு மேல பூண்டு, க்ரீம், சீஸ் போட்டுத் தருவாங்க, ஒண்ணு சாப்பிட்டா ஒரு வேளை தாங்கும். ஆனா அதை ஃபோவாம் டேர்ல இருக்கற பெரிய மார்க்கெட்டோட மாடியில வாங்காதீங்க, அங்க டூரிஸ்ட் விலை. 1897ல திறந்த மார்க்கெட் அது, இரும்புத் தூணும் கலர் ஓட்டுக் கூரையுமா பாக்கவே போகலாம், கீழ்த்தளத்துல காய், பழம், மிளகாய்ப்பொடி வாங்கலாம். ஞாயித்துக்கிழமை நம்பிப் போகாதீங்க.

இப்ப பாதுகாப்பு. எங்கம்மா ரெண்டு தடவையும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுதான் இருந்தாங்க, அதனால இதை அக்கறையோட சொல்றேன். பொண்ணுங்க மட்டும் தங்கற டார்ம் (பல பேர் சேர்ந்து தங்கற ரூம்) இருக்கான்னு பாருங்க, ரெண்டு மூணு யூரோ கூட ஆனாலும் குடுங்க. ரிசெப்ஷன் 24 மணி நேரமும் ஆள் இருக்கற இடமா எடுங்க, கோடு நம்பர் மட்டும் அனுப்பி நீயே உள்ள போய்க்கோன்னு சொல்ற இடம் முதல் தடவைக்கு வேண்டாம். லாக்கர் இருக்கும், பூட்டு பெரும்பாலும் நாமதான் கொண்டு போகணும், சின்ன நம்பர் பூட்டு ஒண்ணு ஊர்லயே வாங்கிடுங்க, கழுத்து மெலிசா இருந்தாத்தான் லாக்கர் ஓட்டையில நுழையும். செக்கின்ல உங்க ஒரிஜினல் பாஸ்போர்ட்டை வாங்கி ஸ்கேன் பண்ணுவாங்க, பயப்படாதீங்க, அந்த நாட்டு சட்டமே அப்படித்தான், ஸ்கேன் ஆனதும் கையோட திருப்பி வாங்கிடுங்க. கீழ் பெட் கேளுங்க, திரை இருந்தா ரொம்ப நல்லது. பாத்ரூமுக்கு ரப்பர் செருப்பு, சொந்தத் துண்டு, காதுக்கு பஞ்சு இந்த மூணும் கட்டாயம், துண்டுக்கு வாடகை வாங்குவாங்க. அவசரம்னா 112.

செலவு விஷயம். நவம்பர்ல 6 பேர் பொண்ணுங்க ரூம்ல ஒரு பெட் எனக்கு ஒரு நைட்டுக்கு 14 யூரோ ஆச்சு, ஆகஸ்ட்ல 12 பேர் ரூமே அதை விட ஜாஸ்தி. ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல்ல ஃபார்முலா ஒன் ரேஸ் வரும், ஆகஸ்ட்ல சிகெட் மியூசிக் ஃபெஸ்டிவல், ஆகஸ்ட் 20 அவங்க தேசிய நாள், டான்யூப் ஆத்து மேல வாணவேடிக்கை. இந்த தேதிங்கள்ல பெட் விலை எங்கயோ போய் நிக்கும், முடிஞ்சா தள்ளி வச்சுக்கோங்க. ஆப்ல காட்டற விலைக்கு மேல டூரிஸ்ட் டாக்ஸ் 4 சதவீதம் வரைக்கும் வரலாம், சில இடத்துல நேர்ல கேப்பாங்க. சமைச்சு சாப்பிட்டா சாப்பாடு ஒரு நாளைக்கு 8 யூரோவுக்குள்ள முடிஞ்சது, ஒரு வேளை வெளிய சாப்பிட்ட நாள் 14, 15 ஆச்சு. டிராவல் பாஸ், நுழைவு டிக்கெட் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 38 யூரோ எனக்கு ஆச்சு, யூரோ நூறு ரூபாய்னு வச்சுக்கிட்டா 3,800 ரூபாய். வெந்நீர்க் குளியல் போகணும்னா அதுக்கு தனியா எடுத்து வைங்க, 1913ல திறந்த சேச்செனி குளியல்ல டிக்கெட்டே 10,000 ஃபோரிண்ட்டுக்கு (அந்த ஊர்ப் பணம்) மேல போகுது, லூகாச்னு இன்னொரு குளியல் அதை விடக் கம்மி, கூட்டமும் கம்மி, எனக்கு அதுதான் பிடிச்சது.

அங்க யூரோ இல்ல, ஃபோரிண்ட்தான், நான் போனப்ப ஒரு யூரோவுக்கு சுமார் 400. ஏடிஎம்லயோ கார்டு மெஷின்லயோ "உங்க நாட்டுப் பணத்துல மாத்தித் தரட்டுமா"ன்னு கேக்கும், எப்பவும் வேண்டாம்னு அழுத்தி ஃபோரிண்ட்லயே குடுங்க, அவங்க போடற ரேட் மோசமா இருக்கும். ஏர்போர்ட்ல கேஷ் மாத்தாதீங்க. ஓட்டல் பில்லுல சர்வீஸ் சார்ஜ் ஏற்கனவே சேத்திருக்காங்களான்னு பாத்துட்டு டிப்ஸ் வைங்க. குழாய்த் தண்ணி தாராளமா குடிக்கலாம், பாட்டில் மட்டும் கையில வச்சுக்கோங்க.

விசா பத்தி சுருக்கமா. ஷெங்கன் விசா (ஹங்கேரி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஃபீஸ் 2024 ஜூன்ல இருந்து 90 யூரோ, இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர் இருக்கணும், ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், பயணத்துக்கு 15 நாளைக்கு முன்னாடியாவது குடுத்தே ஆகணும், ஆனா அவ்வளவு இழுக்காதீங்க. விசா கைக்கு வர்ற வரைக்கும் ஃப்ரீ கேன்சலேஷன் இருக்கற புக்கிங்கா போடுங்க, ரீஃபண்ட் இல்லாத சீப் ரேட்டுல கட்டிட்டு விசா வரலைன்னா அந்தக் காசு போனதுதான். சில ஹாஸ்டல்ல டார்முக்கு வயசு வரம்பு உண்டு, அதையும் கண்டிஷன்ல ஒரு தடவை படிச்சுடுங்க.

கடைசி நாள் செக்கவுட் பெரும்பாலும் பத்து பதினொண்ணுக்கு, ஃப்ளைட் ராத்திரின்னா பெட்டியை ஹாஸ்டல் லக்கேஜ் ரூம்லயே விட்டுட்டு சுத்தலாம், காசு கேப்பாங்களான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. அன்னிக்கு சாயங்காலம் நான் பண்ணது, செலவே இல்லாதது, ரெண்டாவது மெட்ரோல பட்யானி டேர் இறங்கி ஆத்தங்கரையில உக்காந்துடறது. நேர் எதிர்க்கரையில பார்லிமென்ட், இருட்ட ஆரம்பிச்சதும் மொத்தமா லைட் போடுவாங்க, தண்ணியில அது அப்படியே தெரியும். கையில ஹாஸ்டல்ல கட்டிக்கிட்டு வந்த புளியோதரை டப்பா. ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டு அப்புறம்தான் பெட்டியை எடுக்கப் போனேன்.