டாம்பாவில் ஹரிக்கேன் வந்தால் மக்கள் என்ன செய்கிறார்கள்?

மகளுக்கு ஃபுளோரிடாவில் டாம்பா பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே ஹரிக்கேன் அடிக்கடி வருமாமே, மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், அரசாங்கம் போகச் சொல்லியும் சிலர் ஏன் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாம்பா விரிகுடாவுக்கு இந்தப் பக்கம், பினெல்லஸ் கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) குடும்பத்தோடு இருக்கிறேன். சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம் என்பதால் புயல் புதிதில்லை. ஆனாலும் இங்கே பழக்கவழக்கம் வேறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வேலையாக, மகள் பார்த்து வைத்திருக்கும் வீட்டின் முகவரியை வாங்குங்கள். மாநிலப் பேரிடர் துறையின் இணையதளத்தில் அந்த முகவரியைப் போட்டால் ஏ, பி, சி, டி, இ என்று ஓர் எழுத்து வரும். அதுதான் வெளியேற்ற மண்டலம். கடல் நீர் முதலில் எட்டும் இடம் ஏ. இந்த ஐந்துக்குள்ளும் வராத இடங்களும் உண்டு. புயல் நெருங்கும்போது "ஏ, பி மண்டலத்தார் கிளம்புங்கள்" என்றுதான் உத்தரவு வரும். அந்த நேரத்தில் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீட்டின் வாடகை, பள்ளிக்கூடம், ஆபீஸ் தூரம் எல்லாம் விசாரிக்கிறோம். இந்த ஓர் எழுத்தை விசாரிப்பதில்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஹரிக்கேனில் காற்றைவிடத் தண்ணீர்தான் அதிகம் பேரைக் கொல்கிறது. செய்தியில் வரும் "கேட்டகரி 3", "கேட்டகரி 4" எல்லாம் காற்றின் வேகத்தை மட்டும் சொல்லும் எண்கள். எவ்வளவு கடல் உள்ளே வரும், எவ்வளவு மழை பெய்யும் என்பது அந்த எண்ணில் கிடையாது. ஃபுளோரிடாவின் மேற்குக் கரைக்கு வெளியே கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கிறது. புயல் தள்ளும் தண்ணீருக்குக் கீழே இறங்க இடமில்லை, மேலே ஏறிக் கரைக்குத்தான் வரும். அதனால்தான் இங்கே அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்வது: தண்ணீருக்குப் பயந்து ஓடு, காற்றுக்குப் பயந்து ஒளிந்துகொள்.

சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. செப்டம்பர் நடுவில்தான் உச்சம். மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் புயல் போகக்கூடிய பாதையைக் கூம்பு வடிவத்தில் வரைபடமாகப் போடும். "கோன்" என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். புயலின் நடுப்பகுதி அந்தக் கூம்புக்குள் போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான் அதன் பொருள். புயலின் அகலத்தை அது காட்டாது. ஆனால் ஜனங்கள் கூம்பின் நடுவில் மனசுக்குள் ஒரு கோடு போட்டு, அது தன் ஊரைத் தொடுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். 2022-இல் இயன் புயலின்போது முதலில் டாம்பாதான் நடுவில் இருந்தது. நாங்கள் எல்லோரும் பதறினோம். புயல் தெற்கே திரும்பி, செப்டம்பர் 28 அன்று ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் கரையேறியது. கூம்பின் ஓரத்தில் அந்தப் பகுதியும் இருந்தது, இருந்தும் "நமக்கில்லை" என்று பலர் நம்பிவிட்டார்கள். ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் 10 முதல் 15 அடி வரை கடல் ஏறியது. மூழ்கி இறந்தவர்களில் வயதானவர்கள்தான் அதிகம்.

சரி, வீட்டில் என்ன செய்வோம்? ஜன்னலுக்கு ஷட்டர் இருந்தால் மாட்டுவோம், இல்லாவிட்டால் அளவெடுத்து ஒட்டுப்பலகை அறைவோம். கண்ணாடியில் டேப் ஒட்டுவது பிரயோஜனமே இல்லை, இன்னும் சிலர் ஒட்டுகிறார்கள். முற்றத்தில் இருக்கும் நாற்காலி, பூந்தொட்டி, குப்பைத்தொட்டி எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும், வெளியே கிடந்தால் காற்றில் எறிகுண்டுதான். வீட்டிலேயே பலவீனமான இடம் கராஜ் கதவு. அது உள்ளே பிதுங்கிவிட்டால் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். 1992-இல் ஆண்ட்ரூ புயல் ஹோம்ஸ்டெட் பகுதியைத் துடைத்துப் போட்ட பிறகுதான் கட்டட விதிகளைக் கடுமையாக்கி, 2002 முதல் மாநிலம் முழுக்க ஒரே விதி கொண்டுவந்தார்கள். அதனால் அதற்குப் பிறகு கட்டிய வீடாக இருந்தால் ஓரளவு நிம்மதி.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், ஏறக்குறைய நாலு லிட்டர். குளியல் தொட்டியை நிரப்பி வைப்போம், அது கழிவறைக்கு. கார் டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொள்வது சீசன் முழுக்கப் பழக்கமாகிவிடும், ஏனென்றால் கடைசி இரண்டு நாளில் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நிற்கும், பிறகு பெட்ரோலே இருக்காது. எங்கள் வீட்டில் என் மனைவி புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் செய்து வைத்துவிடுவார். கேஸ் கேம்ப் அடுப்பில் சோறு மட்டும் வடித்தால் போதும். ஃப்ரீசரில் காலி இடமெல்லாம் தண்ணீர் பாட்டில் வைத்து உறைய விடுவோம். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் தாங்கும். இங்கே எல்லோரும் செய்யும் ஒரு வேலை எனக்குப் பிடிக்கும்: ஒரு கப் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் சாமான் கெடவில்லை. அடியில் போய் உட்கார்ந்திருந்தால் நடுவில் நெடுநேரம் கரண்ட் இல்லாமல் எல்லாம் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே தூக்கிப் போட வேண்டியதுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஏன் கிளம்புவதில்லை?

நம் ஊரில் புயல் என்றால் வி.ஏ.ஓ. வருவார், போலீஸ் வரும், வண்டி வரும். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ கொண்டுபோய் இறக்கி, சாப்பாடும் போடுவார்கள். இங்கேயும் பள்ளிக்கூடங்களை முகாமாகத் திறக்கிறார்கள், வண்டி இல்லாதவர்களுக்குப் பேருந்தும் விடுகிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கிளம்புவது என்றால் சொந்தக் கார், சொந்தப் பெட்ரோல், சொந்தச் செலவில் ஓட்டல். மணிக்கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு அந்த நாட்களின் சம்பளமும் போகும். நாய், பூனை வைத்திருப்பவர்கள் எல்லா இடத்திலும் தங்க முடியாது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவை எட்டு மணி நேர நெரிசலில் காரில் உட்காரவைக்க எந்த மகனுக்கும் தயக்கம் இருக்கும். இன்னொன்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது: புயலுக்குப் பிறகு தீவுப் பகுதிகளுக்குப் போகும் பாலங்களைப் போலீஸ் அடைத்துவிடும். அங்கே குடியிருக்கிறோம் என்ற அனுமதிச் சீட்டு இருந்தாலும் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். வீடு என்ன ஆயிற்றோ என்று தெரியாமல் வெளியே நிற்பதைவிட உள்ளேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். இவர்களை முட்டாள்கள் என்று தொலைக்காட்சியில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் ஒரு காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது. "டாம்பாவுக்கு வராது." 1921-க்குப் பிறகு டாம்பா விரிகுடாவைப் பெரிய ஹரிக்கேன் நேரடியாகத் தாக்கவில்லை. 2004-இல் சார்லி புயல் இங்கே வருவதாக இருந்து தெற்கே திரும்பிற்று, பிறகு இயனும் அப்படியே. பூர்வகுடிகளின் ஈமமேடுகள் ஊரைக் காக்கின்றன என்றுகூட ஒரு நம்பிக்கை இங்கே உண்டு. நூறு வருஷ அதிர்ஷ்டத்தை ஜனங்கள் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

2024 செப்டம்பர் 26 அந்த நம்பிக்கையை உடைத்தது. அன்று ஹெலீன் புயல் எங்களை நேராகத் தாக்கவே இல்லை. நூறு மைலுக்கும் மேல் தள்ளி, கடலிலேயே வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காற்று பலமாக இருந்தது, அவ்வளவுதான். கடல் மட்டும் இரவில் ஏறிக்கொண்டே இருந்தது. வழக்கத்தைவிட ஆறேழு அடி. இந்தக் கரையின் பல அளவுமானிகளில் அதற்கு முன் அப்படிப் பதிவானதில்லை. பினெல்லஸ் கவுன்ட்டியில் மட்டும் 12 பேர் இறந்தார்கள்.

எங்கள் கவுன்ட்டியிலேயே இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஷோர் ஏக்கர்ஸ் என்ற தாழ்வான பகுதியில் என் நண்பர் குடும்பம் இருந்தது. அவர்கள் முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் துப்புரவுக்குக் கூடப் போனேன். சுவரில் இடுப்பளவுக்கு நூல் பிடித்தாற்போலப் பழுப்புக் கோடு. சோபா தண்ணீர் குடித்து, நாலு பேர் பிடித்தும் அசையவில்லை. ஃப்ரிட்ஜ் மிதந்து, சமையலறை வாசலில் குறுக்கே விழுந்து கிடந்தது. உப்புத் தண்ணீரும் சாக்கடையும் கலந்த வாடை. கோட்டுக்கு மேலே ஓர் அடி விட்டுச் சுவர்ப்பலகையை அறுத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரிரு நாளில் பூஞ்சை ஏறிவிடும். அறுத்ததையெல்லாம் தெருவோரம் குவித்தோம். தெரு முழுக்க அப்படித்தான், ஒவ்வொரு வாசலிலும் ஒரு வீட்டின் உள்ளடக்கம் மலையாக.

அந்தக் குவியல்கள் அள்ளப்படுவதற்குள் அடுத்தது வந்தது. மில்டன். அக்டோபர் 7-இல் கேட்டகரி 5, கூம்பின் நடுவில் மறுபடி நாங்கள். இந்த முறை "பார்க்கலாம்" என்று யாரும் சொல்லவில்லை. எதிர்வீட்டு அம்மா, எண்பதை நெருங்குகிறவர், எந்தப் புயலுக்கும் நகராதவர். அவரே பூனையைக் கூண்டில் போட்டுக்கொண்டு மகன் வீட்டுக்குப் போனார். தெருவில் கிடக்கும் பலகையும் தகரமும் காற்றில் பறந்துவிடுமே என்று இரவு பகலாக லாரிகள் அள்ளின. சுங்கக் கட்டணத்தை நிறுத்தினார்கள், நெடுஞ்சாலையின் ஓரத்திலும் வண்டி விட்டார்கள். தமிழர்கள் இருக்கும் வாட்ஸப் குழுக்களில் ஒர்லாண்டோ பக்கம் இருப்பவர்கள் "இரண்டு ரூம் காலி, வாங்க" என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

9-ஆம் தேதி இரவு மில்டன் சரசோட்டா அருகே, எங்களுக்குத் தெற்கே கரையேறியது. இந்த அரைக்கோளத்தில் புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. மேற்குக் கரையில் அது ஏறும்போது வடக்குப் பக்கத்துக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் விரிகுடாத் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டது. கடல் ஏற்றம் தெற்கே இருந்தவர்களுக்குப் போயிற்று. நம் நாகப்பட்டினக் கரையில் இது தலைகீழ், புயல் கண்ணுக்கு வடக்கே இருப்பவர்களுக்குத்தான் கடல் ஏறும். கடலில் தப்பித்தோம், மழையில் தப்பவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் பெய்தது. அங்கே இருக்கும் டிராபிக்கானா பேஸ்பால் மைதானத்தின் கூரைத்துணி கிழிந்து பறந்தது. மாநிலத்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போயிற்று. உயிரிழப்புகளில் பல, கரையேறிய இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, கிழக்குக் கரையில் அடித்த டொர்னாடோ எனும் சுழற்காற்றுகளால் நேர்ந்தவை.

புயல் போன பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். ஜெனரேட்டரை கராஜுக்குள் ஓடவிட்டு, கார்பன் மோனாக்சைடு வாயுவில் குடும்பமே போன சம்பவங்கள் ஒவ்வொரு பெரிய புயலுக்கும் பிறகு வருகின்றன. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, திறந்தவெளியில்தான் வைக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் நடக்கக் கூடாது, உள்ளே அறுந்த மின்கம்பி கிடக்கலாம். உப்புத் தண்ணீரில் மூழ்கிய மின்சாரக் கார் நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும், அதை வீட்டை ஒட்டி நிறுத்தக் கூடாது.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு இன்சூரன்ஸிலும் வாடகைதாரர் இன்சூரன்ஸிலும் வெள்ளச் சேதம் பொதுவாகச் சேராது. வெள்ளத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் சாமான்களுக்கு எடுக்கலாம். அரசின் வெள்ளக் காப்பீடு எடுத்து வழக்கமாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் பெயர் செய்தியில் வந்த பிறகு எடுத்துப் பயனில்லை. மகள் ஜூனுக்கு முன் குடிவருவதாக இருந்தால் மே மாதத் தொடக்கத்துக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் உங்களுக்கு ஒன்று. புயல் அன்று ஊரிலிருந்து மாறி மாறிப் போன் செய்யாதீர்கள். நெட்வொர்க் திணறும், போன் சார்ஜ் கரையும். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்விடும். காலையும் மாலையும் ஒரு செய்தி, எங்கே இருக்கிறாள் என்று மட்டும், அதை உங்கள் வீட்டில் ஒருவர் வாங்கி மற்றவர்களுக்குச் சொல்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மண்டலம் என்று பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள், பக்கத்தில் எந்த முகாம், எந்தச் சாலையில் கிளம்பலாம் என்று என்னால் சொல்ல முடியும்.