ஒன்பது பொதி சரக்குக்கு ஒரு பல்கலைக்கழகம்

சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் என்ற துரையின் பெயர்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி அதைப் பற்றியே. சரி, இந்த முறை யேல் மட்டும்.

கருங்கல் வாசகர்: பெயரையே வைத்திருக்கிறார்கள் என்றால் துரை பெரிய தொகை கொடுத்திருப்பாரே?

அப்படியெல்லாம் இல்லை. ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. சரக்கு என்றால் மஸ்லின், காலிகோ, பாப்ளின் மாதிரித் துணிகள். விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது, நியூ ஹேவனில் பாதியில் நின்ற கட்டட வேலைக்கு அது உதவியது. கல்லூரி ஆரம்பித்தது 1701-இல், அப்போது வெறும் 'காலேஜியேட் ஸ்கூல்', எப்போதும் பணமுடை. காட்டன் மேதர் என்ற பாஸ்டன் பாதிரியார் 1718-இல் எலிஹு யேலுக்குக் கடிதம் போட்டார்: கல்லூரிக்கு உங்கள் பெயர் வந்துவிட்டால் அது எகிப்து பிரமிடைவிட மேலான நினைவுச் சின்னம் என்று. ஆண் வாரிசு இல்லாத பணக்காரரிடம் எது எடுபடும் என்று பாதிரியாருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மனசு ஆறாத விஷயம், அதற்குச் சில வருஷம் முன்பே ஜெரமையா டம்மர் என்பவர் இங்கிலாந்தில் பலரிடம் கேட்டு வாங்கி 800-க்கு மேல் புத்தகங்கள் அனுப்பினார், நியூட்டனே தன் புத்தகங்களைக் கொடுத்தார். டம்மரை இன்று யாருக்குத் தெரியும்? யேலோ பாஸ்டனில் பிறந்து மூன்று வயதில் கிளம்பியவர், திரும்ப அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தக்கலை வாசகி: துரை ஆள் எப்படி, நல்லவரா?

சொல்லிக்கொள்ளும்படி இல்லைம்மா. 1672-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் குமாஸ்தாவாகச் சென்னை வந்தார், 1687-இல் கவர்னர், 1692-இல் பதவி போயிற்று. கம்பெனி செலவில் சொந்த வியாபாரத்தை வளர்த்தார் என்பது குற்றச்சாட்டு. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணம் இவருடையது, 1680-இல். சின்ன வயதில் இறந்த மகன் டேவிட்டின் கல்லறைச் சின்னம் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து கம்பெனி 1690-இல் வாங்கியதும் இவர் காலத்தில்தான். கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவது, குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்கு, இதுதான் ஒப்பந்தம்! இருப்பதில் பெரிய பீரங்கியாகப் பார்த்துத்தான் சுட்டிருப்பார்கள். அப்படி எல்லைக்குள் வந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின.

இதோடு போகவில்லை. இவர் தலைமையில் இருந்த கோட்டைக் கவுன்சில், ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றி செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பச் சொன்னது. கழுத்தில் உலோகப் பட்டை மாட்டிய சிறுவன் ஓரமாக நிற்க, துரை குடும்பத்தினரோடு மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஓவியம் யேல் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்குப் பல்கலைக்கழகம் 2024-இல் மன்னிப்புக் கேட்டது. பெயரை மாற்றவில்லை.

மார்த்தாண்டம் கல்லூரி மாணவர்: பரீட்சைக்கு முன்னால் நாங்கள் சுசீந்திரம் ஆஞ்சநேயரைப் பார்க்கப் போவோம். அவர்கள்?

அவர்களுக்கு உல்சி. தியோடர் உல்சி 1846 முதல் 1871 வரை அங்கே தலைவராக இருந்தவர், இப்போது வளாகத்தில் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடது கால் விரலைத் தொட்டால் அதிர்ஷ்டமாம். எல்லோரும் தடவித் தடவி மற்ற இடமெல்லாம் கறுத்திருக்க அந்த விரல் மட்டும் தங்கமாக மின்னுகிறது. வடை மாலை செலவு மிச்சம், படிக்காமல் போனால் ரெண்டு பேரும் கைவிடுவார்கள்.

இரணியல் வாசகர்: அங்கே ஜன்னலே இல்லாத நூலகம் இருக்கிறதாமே?

பைனெக்கி அரிய நூல் நூலகம், 1963-இல் திறந்தது. சுவர் முழுக்க வெர்மான்ட் சலவைக்கல், ஒன்றேகால் அங்குலக் கனம்தான், அதனால் வெயில் கல்லுக்குள் ஊடுருவி மஞ்சளாக உள்ளே வருகிறது. நீங்கள் பக்கத்து ஊர்க்காரர், பத்மநாபபுரம் அரண்மனை மந்திரசாலையில் அபிரகத் தகட்டு ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அந்த யோசனைதான். நூலகத்தில் வெயில் நேராகப் பட்டால் பழைய தாள் வீணாகிவிடும் என்ற பயம் வேறு. உள்ளே குட்டன்பர்க் பைபிள் இருக்கிறது, இன்றுவரை ஒருவராலும் படிக்க முடியாத எழுத்தில் இருக்கும் வாய்னிச் சுவடியும் இருக்கிறது.

புத்தகம் என்றதும் ஞாபகம் வருகிறது. கல்லூரி சேபுரூக்கிலிருந்து நியூ ஹேவனுக்கு மாறியபோது, புத்தகத்தைக் கொடுக்க மாட்டோம் என்று சேபுரூக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். மாட்டு வண்டிகளை நாசம் செய்து, வழியில் பாலங்களை உடைத்து ஒரே ரகளை. சுமார் 250 புத்தகங்கள் போன இடம் தெரியவில்லை. நூலகத்துக்காக ஊரே தெருவில் இறங்கியதைக் கேட்டால் எனக்கு அவர்கள்மேல் கோபமே வரவில்லை.

நாகர்கோவில் வாசகர்: தனியார் பல்கலைக்கழகம் என்கிறீர்கள். முதலாளி யார்?

நம்ம ஊர் சுயநிதிக் கல்லூரிகளைப் பார்த்துப் பழகியதால் வரும் கேள்வி, நியாயமான கேள்வி. முதலாளி கிடையாது, லாபத்தைப் பிரித்துக்கொள்ளவும் ஆள் கிடையாது. அறங்காவலர் குழுதான் நடத்துகிறது, அதில் கனெக்டிகட் மாநில ஆளுநருக்கும் துணை ஆளுநருக்கும் பதவி வழியில் இடம் உண்டு. நன்கொடை முதலீடு மட்டும் 4,000 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு இருந்தும் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது 1969-இல்தான்.

தூத்தூர் வாசகர்: கால்பந்து உண்டா?

உங்கள் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ரகம். ஹார்வர்டோடு 1875-இலிருந்து பகை, அந்த ஆட்டத்துக்கு 'தி கேம்' என்றுதான் பேர். யேலின் சின்னம் புல்டாக், 'ஹான்சம் டான்' என்று 1889-இலிருந்து நாய்க்குப் பின் நாயாக வருகிறது. ஆனால் நாயைவிட நல்ல கதை 2004-இல் நடந்தது. யேல் பையன்கள் ஹார்வர்டு உற்சாகக் குழு மாதிரி சட்டை போட்டுக்கொண்டு போய், ஹார்வர்டு ரசிகர்களுக்கே சிவப்பு வெள்ளை அட்டைகளை விநியோகித்தார்கள். எல்லோரும் தூக்கிப் பிடித்தால் 'ஹார்வர்டு வாழ்க' என்று தெரியும் என்று சொல்லி. அவர்களும் ஆர்வமாகத் தூக்கினார்கள். எதிரே இருந்தவர்கள் படித்தது 'நாங்கள் மட்டம்' என்று. ஆட்டத்தில் என்னவோ ஹார்வர்டுதான் 35-3 என்று ஜெயித்தது.