சிரட்டையில் கோடு விலகுவது ஏன்?

கேள்வி: தேங்காய்ச் சிரட்டையில் பூவேலைப்பாடு செய்வதற்காகக் கையடக்கமான மினி கிரைண்டர் ஒன்று வாங்கினேன். பென்சிலால் வரைந்த கோட்டின் மேல் பிட்டை (கருவியில் சுழலும் செதுக்கு முனையை) வைத்த உடனேயே அது வழுக்கி ஓடிவிடுகிறது, ஓரங்களும் கருகுகின்றன. என் கை நடுக்கந்தான் காரணமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கையைக் குறை சொல்வதற்கு முன், பிட் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கவனியுங்கள். கருவியின் பின்புறத்திலிருந்து பார்த்தால் அது கடிகார முள்ளின் திசையில் சுழலும். எனவே, வலக்கையில் பிடித்து முனையை இடப்பக்கமாகச் சாய்த்து வைக்கும்போது, சிரட்டையைத் தொடும் அடிப்பகுதி உங்களை நோக்கி நகர, கருவியோ தரையில் உருளும் சக்கரத்தைப் போல உங்களைவிட்டு அப்பால் ஓடப் பார்க்கும். நீங்களும் அதே திசையில் தள்ளினால் அது கையை மீறிவிடும். உங்களை நோக்கி இழுத்துச் செதுக்கினால் சற்றே எதிர்த்து நிற்கும், அந்த எதிர்ப்பே உங்களுக்குப் பிடிமானம். (இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இக்கணக்கு அப்படியே தலைகீழ்.) கோடு வளையும் இடத்தில் மணிக்கட்டைத் திருகாமல் சிரட்டையைத் திருப்புங்கள்.

சிரட்டையின் வளைந்த, வழவழப்பான மேற்பரப்பில் பிட் நிலைகொள்ள ஒரு தடம் வேண்டும். ஆகவே பென்சில் கோட்டின் மேல் முதலில் கூரிய ஊசியால் ஆழமாகக் கீறிக்கொள்ளுங்கள். சிரட்டை உருளாதபடி மணல் நிரப்பிய துணிப்பையில் அழுத்திப் பதித்து, கருவியைப் பேனாவைப் போல முன்பகுதியில் பிடித்து, சுண்டுவிரலைச் சிரட்டையின் மீதே ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். சிக்குக் கோலத்தின் வளைவைப் போல ஒரே இழுப்பில் முடித்துவிட ஆசைப்படாதீர்கள். ஒரே கோட்டை மூன்று நான்கு முறை மெல்ல மெல்ல ஆழப்படுத்துவதே என் வழக்கம்.

கருகுவதற்குக் காரணம் அழுத்தமும் மழுங்கிய பிட்டும். இத்தகைய கருவிகள் பலவும் நிமிடத்திற்கு 30,000 சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியவை. நீங்கள் 15,000 அளவில் தொடங்கிப் பாருங்கள். மோட்டாரின் சத்தம் தாழ்ந்தால் அழுத்துகிறீர்கள் என்று பொருள். மிக நுண்ணியதான சிரட்டைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். துப்பட்டாவையும் கூந்தலையும் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், கையுறை மட்டும் வேண்டாம், சுழலும் பிட் அதைப் பற்றி இழுத்துவிடும்.

கேள்வி: புதிய பிட்டைப் பொருத்தியதும் கருவி முழுவதும் அதிர்கிறதே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: 3.2 மி.மீ. கோலட்டில் (பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) 2.4 மி.மீ. தண்டைப் பொருத்தியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அளவு சரியாக இருந்தால், தண்டு அதிகம் வெளியே நீண்டிருக்கலாம். முழுவதும் உள்ளே செலுத்தி, ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் வெளியே இழுத்து இறுக்குங்கள். அதன் பிறகும் குறைந்த வேகத்திலேயே முனை வட்டமிட்டு ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்த முயலாமல் எறிந்துவிடுங்கள்.