மதுரையில் பங்குனி, சித்திரையில் காசு செலவில்லாமல் பிள்ளைகளோடு போய்வர எந்த இடம் நல்லது?

மாற்றலாகி மதுரைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, இரண்டு பிள்ளைகள், டிக்கெட் எடுக்காமல் அரை நாள் வெளியே போய்வர இடம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வெயிலுக்குப் பயந்து இந்த மாதங்களில் பலரும் மாலுக்குப் போய்விடுகிறார்கள். காலை ஐந்தரைக்குப் பிள்ளைகளை எழுப்ப முடியும் என்றால் மாலே வேண்டாம். ஊரைச் சுற்றி நாலு பக்கமும் மலை இருக்கிறது, நான் சொல்லப்போகிற மலைகளுக்கு நுழைவுச்சீட்டு இல்லை.

முதலில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள். நாகமலை புதுக்கோட்டை வழியாகப் போனால் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், விழுது இறங்கிய பெரிய ஆலமரம். பிள்ளைகள் அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிடுவார்கள், விட்டுவிடுங்கள். அப்புறம் பாறையில் வெட்டிய படி வழியாக ஏறினால் பேச்சிப்பள்ளம். சின்னச் சுனை ஒன்று, அதன் மேலே பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர், அதாவது சமண சமயப் பெருங்குருமார் உருவங்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. பலவற்றின் கீழே, அதை யார் செய்வித்தார் என்று வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறது. அதில் ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற முனிவருடைய தாயார் குணமதியார். துறவியாகிப் போன மகனின் பெயரோடு தன் பெயரையும் பாறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் ஒரு அம்மா. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வராது.

போன பங்குனியில் என் மகளைக் கூட்டிப்போனேன், இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அந்தத் தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதர் தலைக்கு மேல் குடை பிடிக்கிற பாம்புக்கு எத்தனை தலை என்று எண்ணச் சொன்னேன். தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்ததால், பாறைக்கு ஒரு சாண் தள்ளி விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணி "அஞ்சு" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பத்தாவிடம் முதலில் சொன்னது அதைத்தான்.

ஏழு மணிக்கு நாம் நடக்கிற பாறையில் உள்ளங்கையை வைத்தால் குளிர்ந்திருக்கும். ஒன்பதரைக்கு மேல் வெறுங்காலை வைக்க முடியாது. அதனால் ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். இறங்கும்போது தெம்பு இருந்தால், மலையின் இன்னொரு பக்கம் இருக்கிற செட்டிப்புடவுக் குகையையும் பார்க்கலாம். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் வேண்டும். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள், குரங்கு வரும்.

அடுத்தது மேலூருக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி. நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது இந்த ஊரைத்தான், பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து. இங்கே பாறையைக் குடைந்த சிவன் கோயில் இருக்கிறது. வாசலுக்கு ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் இலகுலீசர். இலகுலீசர் சிற்பத்தைத் தமிழ்நாட்டில் நீங்கள் அதிகம் பார்க்க முடியாது. இன்னொரு மலையில் சமண முனிவர்கள் படுக்க வெட்டிய கல்படுக்கையும், தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் உண்டு. கண்மாய்க் கரையில் சும்மா உட்கார்ந்து மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருங்கள். லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு எல்லாம் இங்கே வாழ்பவை. பறவை பார்க்கிறவர்கள் வெளியூரிலிருந்தே வருகிறார்கள். பைனாகுலர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் எடுத்துப்போங்கள்.

இந்த மலைகளைச் சேர்த்துத்தான் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்றுவட்டார கிராமத்து மக்கள் மதுரை வரைக்கும் பேரணியாக வந்தார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. நீங்கள் போகும்போது அந்த ஊர்க்காரர் யாராவது வழி சொல்ல வந்தால் நின்று பேசுங்கள். தங்கள் மலையைப் பற்றி அவர்கள் சொல்வது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. சத்தமாகப் பாட்டுப் போட வேண்டாம், பிளாஸ்டிக் பையை விட்டு வர வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

காலையில் எழவே முடியாது என்றால் சாயங்காலம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் காலத்துக் குளம், ஏறக்குறைய 16 ஏக்கர், நடுவில் மைய மண்டபம். ஐந்தரைக்கு மேல் தண்ணீர் மேல் காற்று வரும், சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு சுற்று நடந்தாலே நல்ல நடை. ஆனால் சுற்றிலும் தீனிக்கடைகள். பிள்ளைகளோடு போனால் செலவில்லாமல் திரும்புவது கஷ்டம், வீட்டிலேயே வயிற்றை நிரப்பிக் கூட்டிப்போங்கள்.

எப்போது போவது என்று கேட்டால், பங்குனி கடைசி என்பேன். அப்போது புங்கமரம் புதுத் துளிர் விட்டுப் பளபளவென்று நிற்கும், அடியில் பொரி கொட்டினாற்போல் பூ உதிர்ந்து கிடக்கும். வேம்பும் அதே நேரத்தில்தான் பூக்கும். நாங்கள் போகும்போது ஒரு பழைய வேட்டியைக் கொண்டுபோவோம். ஆள் நடமாட்டமில்லாத ஒரு வேப்பமரத்தடியில் விரித்து, எட்டுகிற கிளையை மெதுவாக உலுக்கினால் இரண்டு கைப்பிடி பூ தேறும். நிழலில் காயவைத்து எடுத்து வைத்தால் சித்திரை முதல் நாள் பச்சடிக்கு ஆயிற்று. மகள் தான் பொறுக்கிய பூ என்பதால், கசப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள்.