ஹைபிரிட் நெல்லின் வீரியம் எங்கிருந்து வருகிறது?

நாற்றங்கால் போடும் நேரம் நெருங்கினால் ஹைபிரிட் நெல், அதாவது இரண்டு வேறு நெல்லைக் கலந்து எடுக்கும் முதல் தலைமுறை நெல், பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

போன பட்டத்தில் ஹைபிரிட் நெல் போட்டேன், நல்ல விளைச்சல். அதிலிருந்தே இரண்டு மூட்டை விதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். விதைக்கலாமா?

வேண்டாம். அதை அரைத்துச் சாப்பிடுங்கள் அல்லது விற்றுவிடுங்கள். பொன்னி மாதிரியான ரகத்தில் விதைநெல் எடுத்துப் பழகிய கை இதிலும் எடுக்கத்தான் செய்யும், அது தப்பில்லை. ஆனால் பொன்னியில் ஒவ்வொரு ஜீனுக்கும் உள்ள இரு படிகளும் (நகல்களும்) ஒரே மாதிரி இருப்பதால் பிள்ளையும் தாயைப் போலவே வரும். ஹைபிரிட்டில் ஒரு படி தாயிடமிருந்தும், வேறு மாதிரியான மறு படி தகப்பனிடமிருந்தும் வந்திருக்கிறது. அந்தச் செடி தானே சூல்பிடித்துக் கொடுக்கும் விதையில், அப்படி வேறுபட்டிருந்த ஒவ்வொரு இடத்திலும் கலப்பு நிலை பாதி விதைகளில்தான் மிஞ்சும். மீதிப் பாதியில் ஒரு பாதி தாய் பக்கம், மறு பாதி தகப்பன் பக்கம் போய்விடும். அடுத்த தலைமுறையில் அந்தப் பாதியும் பாதியாகும்.

வயலில் இது எப்படித் தெரியும்? ஒரு செடி இடுப்பளவு நிற்கும், பக்கத்துச் செடி முழங்காலோடு நின்றுவிடும். பூப்பதும் முன்பின்னாகப் பூக்கும், அறுவடைக்கு நாள் குறிக்கவே முடியாது. அதைவிட மோசம், சில செடிகளில் கதிர் முழுக்கப் பதராகவே இருக்கும். அதற்கான காரணத்தை நான்காவது பதிலில் சொல்கிறேன்.

தாய், தகப்பன் இரண்டும் சுமாரான ரகங்கள்தானே? பிள்ளை மட்டும் எப்படி இரண்டையும் மிஞ்சுகிறது?

நூறு வருடத்துக்கும் மேலாக விஞ்ஞானிகள் வாதாடிவரும் கேள்வி இது. 1908-இல் மக்காச்சோளத்தில் ஷல் என்ற அமெரிக்கர் இதை எழுதினார். இந்தக் கலப்பு வீரியத்துக்கு ஹெட்டரோசிஸ் என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். நெல்லிலும் இது உண்டு என்று 1926-இல் ஜோன்ஸ் காட்டினார்.

இரண்டு விளக்கங்கள் முக்கியமானவை. முதலாவது, ஒருவரின் குறையை மற்றவர் மறைப்பது. சீனாவில் ஒரு காலத்தில் மிகப் பரவலாகப் பயிரான ஷான்யூ 63 என்ற ஹைபிரிட்டைப் பாருங்கள். தாய் ஷென்ஷான் 97, தகப்பன் மிங்ஹூய் 63. கதிரில் மணிகளைக் கூட்டும் ஜிஎச்டி7 என்ற ஜீன் தாயிடம் அடியோடு இல்லை, தகப்பனிடம் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு படி வந்தாலே பலன் தெரிகிறது. இதேபோல் தகப்பனிடம் இல்லாத ஏதோ ஒன்று தாயிடமிருந்து வரும். இரண்டாவது விளக்கம், ஒரே ஜீனின் இரு வேறு படிகள் சேர்ந்திருப்பதே தனிப் பலன் தருகிறது என்பது. நெல்லில் ஜீன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்வதும் ஒரு பங்கு வகிக்கிறது என்று வூஹான் விஞ்ஞானிகள் 1997-இல் காட்டினார்கள்.

2016-இல் சீனாவில் 17 ஹைபிரிட்களின் இரண்டாம் தலைமுறைச் செடிகள் 10,074-ஐ எடுத்து ஜீன் வரைபடம் போட்டார்கள். எல்லா ஹைபிரிட்டுக்கும் பொதுவான மந்திர ஜீன் எதுவும் கிடைக்கவில்லை. ஒத்த ஹைபிரிட்களின் ஒவ்வொரு குழுவிலும் ஜீன் வரைபடத்தின் சில இடங்கள் மட்டுமே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. அவற்றில் சிலவற்றில் கலப்புச் செடி இரு பெற்றோருக்கும் நடுவில், நல்லவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.

நடுவில் நின்றால் மிஞ்சுவது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துவிடும். தாய்க்கு 10 தூர் (கதிர் விடும் கிளை), கதிருக்கு 100 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 1,000. தகப்பனுக்கு 6 தூர், கதிருக்கு 160 மணி, மொத்தம் 960. பிள்ளைக்கு 9 தூர், 145 மணி. தூரில் தாயை எட்டவில்லை, மணியில் தகப்பனை எட்டவில்லை. ஆனால் பெருக்கிப் பாருங்கள், 1,305. விளைச்சல் என்பது தூர், மணி, மணியின் எடை மூன்றும் பெருகி வருவது. அதனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நன்றாக இருந்தாலே மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வந்துவிடுகிறது.

அப்படியானால் நல்ல ஜீன்களையெல்லாம் ஒரே ரகத்தில் சேர்த்துவிட்டால் வருடா வருடம் விதை வாங்க வேண்டாமே? (வேளாண் மாணவி)

சரியான கேள்வி. முதல் விளக்கம் மட்டும்தான் உண்மை என்றால் கொள்கை அளவில் முடியும். நடைமுறையில் சிக்கல், நெல்லின் 12 குரோமோசோம்களில் நல்ல ஜீனும் கெட்ட ஜீனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதும் கூடவே வரும். அவற்றைப் பிரிக்கப் பல தலைமுறை, பல ஆயிரம் செடி தேவை. ஆனாலும் முயற்சி வீண் இல்லை. ஹைபிரிட்டுக்குப் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் அதே வேலைதான் நல்ல ரகங்களையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்பிடிக்கும் பயிர். அதில் கலப்பு விதையை மூட்டைக்கணக்கில் எப்படி எடுக்கிறார்கள்?

ஒவ்வொரு பூவாக மகரந்தப்பையைக் கிள்ளிக்கொண்டிருந்தால் ஒரு வயலுக்குக்கூட விதை சேராது. மகரந்தம் வேலை செய்யாத செடி ஒன்று வேண்டும். சீனாவின் நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங் 1964-இலிருந்து அதைத் தேடினார். 1970 நவம்பரில் ஹைனான் தீவில் அவருடைய உதவியாளர் லி பிஹூ, உள்ளூர்க்காரர் ஒருவரோடு சேர்ந்து, மலட்டு மகரந்தம் கொண்ட ஒரு காட்டு நெல் செடியைக் கண்டெடுத்தார். 1973-இல் முறை முழுமையானது, 1976-இல் விவசாயிகள் வயலுக்குப் பரவியது.

அந்த மலட்டுத்தன்மை இருப்பது உட்கருவில் இல்லை, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில். அங்கே உருவாகும் ஒரு புரதம் மகரந்தத்துக்கு உணவூட்டும் திசுவை வேளைக்கு முன்பே சாகடித்துவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே போவதால் பிள்ளையும் மலடாகும். அதனால் மூன்று வரிசை தேவை. மலட்டுத் தாய் 'ஏ'. அதே உட்கருவும் நல்ல மைட்டோகாண்ட்ரியாவும் கொண்டு, தாயைப் பெருக்கித் தரும் 'பி'. மலட்டை முறியடிக்கும் மீட்பு ஜீன்களைக் கொண்ட தகப்பன் 'ஆர்'. ஏ-யும் ஆர்-உம் சேர்ந்தால் நீங்கள் வாங்கும் விதை. முதல் கேள்விக்கான மிச்சப் பதிலும் இதுதான்: விதைநெல் எடுத்தால், மீட்பு ஜீன் போய்ச் சேராத செடிகள் மறுபடி மலடாகிப் பதராகின்றன.

விதை விலை அதிகம் என்று பலர் கோபத்தோடு எழுதியிருந்தார்கள். விதை உற்பத்தி வயலில் ஒரு காலை நின்று பார்த்தால் காரணம் தெரியும். தாயின் கதிர் கண்ணாடி இலை உறையை விட்டு முழுதாக வெளியே வராது, அதற்கு ஜிப்பரெல்லிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்க வேண்டும். இரண்டு வரிசையும் ஒரே நாளில் பூக்கும்படி நாற்று விடும் தேதியை முன்பின் மாற்ற வேண்டும். பூ விரியும் முற்பகல் நேரத்தில் இருவர் கயிற்றின் இரு முனையைப் பிடித்து, தகப்பன் வரிசை மேல் இழுத்து மகரந்தத்தைப் பறக்கவிட வேண்டும். நெல் மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடங்கள்தான். காற்று அடிக்காத நாளில் அந்தக் கயிறு இழுப்பவர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு விலை பற்றிப் பேச மனம் வராது. விலையைக் குறைக்கும் வழி தேட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஹைபிரிட் அரிசிச் சோறு சில சமயம் ஒரு மாதிரி இருக்கிறதே, ஏன்?

நீங்கள் வாங்கும் விதை முதல் தலைமுறை. அதன் கதிரில் விளைந்து நீங்கள் உண்ணும் அரிசியோ இரண்டாம் தலைமுறை! ஒரே கதிரின் மணிகளுக்குள்ளேயே பிரிவு நடந்துவிடுகிறது. தாய்க்கு லேசான வாசனை இருந்து தகப்பனுக்கு இல்லாவிட்டால், நான்கு மணியில் ஒன்று வாசனை அடிக்கும். பல இந்திய ஹைபிரிட்களுக்குத் தாயான ஐஆர் 58025ஏ-வில் இந்த லேசான வாசனை உண்டு, தெற்கே பலருக்கு அது பிடிக்கவில்லை. அமைலோஸ் என்ற மாவுச்சத்தின் அளவில் பெற்றோர் விலகியிருந்தால் சில மணி உதிரியாகவும் சில குழைவாகவும் வேகும். அதனால்தான் இப்போது சோற்றுக் குணம் ஒத்த பெற்றோரை ஜோடி சேர்க்கிறார்கள். விளைச்சலுக்கு வேறுபாடு வேண்டும், சோற்றுக்கு ஒற்றுமை வேண்டும்.

இது மரபணு மாற்றப் பயிரா?

இல்லை. வெளி ஜீன் எதையும் செலுத்தவில்லை. இரண்டு நெல்லைக் கலந்ததுதான்.

ஹைபிரிட்டிலிருந்தே வீரியம் குறையாத விதை எடுக்கும் காலம் வருமா?

ஆய்வுக்கூடத்தில் வந்துவிட்டது. 2019-இல் அமெரிக்காவின் டேவிஸிலும் சீனாவிலும் இரண்டு குழுக்கள், சில ஜீன்களை மாற்றி, நெல் தன் ஜீன்களைக் கலைத்துப் போடாமல் தன்னையே நகலெடுத்த விதையைத் தரும்படி செய்தன. அப்போது நகல் விதை சொற்பம், விதைப்பிடிப்பும் பிரச்சினை. 2022-இல் வேறொரு குழு ஒரு ஹைபிரிட்டில் 95 சதவீதத்துக்கும் மேல் நகல் விதையைக் காட்டியது. இது ஜீன் திருத்தம் சேர்ந்தது என்பதால் சோதனையும் அனுமதியும் பாக்கி இருக்கின்றன. அதுவரை அந்த இரண்டு மூட்டை நெல்லை மில்லுக்கே அனுப்புங்கள்.